காலி பாட்டில்

தண்ணீர் கேன் வியாபாரத்தில் ஆரோக்கியராஜ் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். காலி கேன் பொய் சொல்லாது. திண்டிவனத்தில் தெருத்தெருவாகக் குட்டியானை வண்டியில் கேன் போடுகிறவன் அவன். எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், எந்த ஆபீசில் அதிகாரி லீவு, எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாகச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதையெல்லாம் வாசலில் கிடக்கும் காலி கேனைப் பார்த்தே சொல்லிவிடுவான். அதனால் அவன் மனைவி அமலா காலையில் சைக்கிள் பயிற்சி முடித்து வரும்போது, சைக்கிளில் மாட்டிய பாட்டில் காலியாக இருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

"இன்னிக்கும் ஒரு சொட்டு வைக்கல பாரு," என்பான் பாட்டிலைக் கவிழ்த்து ஆட்டியபடி. "இப்பிடியே குடிச்சிக்கினு வந்தா யாரும் உன்னைப் புடிக்க முடியாது."

அமலா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூட அவள் தொண்டையில் இறங்கியதில்லை. வல்லம் போகிற ரோட்டில் வேர்க்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லை உண்டு. தினமும் அங்கே சைக்கிளை நிறுத்தி, யாராவது பார்க்கிறார்களா என்று இருபுறமும் நோட்டம் விட்டு, பாட்டிலைத் திறந்து வரப்போரமாகக் கொட்டிவிடுவாள். புருஷன் விடியற்காலையில் எழுந்து எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் நாட்டுச்சர்க்கரையும் கரைத்து, வடிகட்டி ஊற்றிக் கொடுத்த தண்ணீர். மண் அதை ஒரு நொடியில் உறிஞ்சிவிடும். பாவம் என்று தெரியும், ஆனாலும் கொட்டுவாள்.

அமலா போலீஸ்காரி. அப்பா அம்மாவுக்குக் கண்டாச்சிபுரம் பக்கம் கூலி வேலை. அம்மா சவுரியம்மாள் களையெடுக்கப் போன கொல்லைகளில் இருந்த கிணறுகளில்தான் அமலா நீச்சல் பழகினாள். கிணற்றுக்குச் சொந்தக்காரர் டவுனுக்குப் போன நேரமாகப் பார்த்துக் குதித்து, அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்பதற்குள் ஏறி ஓடிய நீச்சல் அது, வேகத்துக்குக் கேட்கவா வேண்டும். அந்த வேகம்தான் பிறகு போலீஸ் தேர்வில் கைகொடுத்தது. அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்த இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டில் கழிப்பறை கிடையாது. பொழுது விடியும் முன் போனால் இருட்டிய பிறகுதான் மறுபடி. நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, அந்த வீட்டுப் பெண்களுக்குத் தானாகவே வந்துவிடும்.

காக்கி போட்ட பிறகு இதெல்லாம் தீரும் என்று நினைத்தாள். தீரவில்லை. பந்தோபஸ்து டூட்டி என்று ஒன்று இருக்கிறதே! யாரோ பெரிய மனிதர் காரில் போகிறார் என்றால், நாற்கர சாலையில் கூப்பிடு தூரத்துக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும். நிற்கிற இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். மரமும் இருக்காது, மறைவும் இருக்காது. ஆண்கள் ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் காரியம் முடிந்தது. பெண்கள் என்ன செய்வார்கள் என்று பாயிண்ட் போட்டுக்கொடுக்கிறவர்கள் யாருமே யோசித்ததாகத் தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் விழுப்புரம் பைபாஸில் பாலத்தடியில் அவளுக்கு அப்படி ஒரு பாயிண்ட். இருட்டோடு வந்து நின்றவள். உச்சிவெயில் ஏறியும் கார் வரவில்லை. அதற்கு மேல் முடியாமல், ரோட்டைத் தாண்டி ஒரு வீட்டில் கெஞ்சிக் கேட்டுப் பாத்ரூம் போய்விட்டு ஓடிவந்தாள். அதற்குள் ரவுண்ட்ஸ் வந்த அதிகாரியின் ஜீப் அவளுடைய பாயிண்ட்டில் நின்று, போயும் விட்டது. கையிலிருந்த வாக்கி டாக்கி மைக் கரகரத்தது. அந்த மைக்கில் பேசினால் வரிசையாக நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்.

"பாலத்தடி பாயிண்ட்! போஸ்ட்டை உட்டுட்டு எங்கம்மா போன?"

 இத்தனை ஆண்கள் காதில் விழும்படி அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள்.

"டீ குடிக்கப் போனேன், ஐயா."

"டீயா? நல்லா இருக்குதே! பஜ்ஜி சொல்லி அனுப்பட்டுமா கூட?"

வரிசை முழுவதும் சிரித்தது. அவளுக்கு மெமோவும் கிடைத்தது, பட்டப்பெயரும் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் 'டீ அமலா'. கல்யாணத்துக்கு வந்த ஸ்டேஷன்காரர்கள் மாப்பிள்ளை காதிலும் போட்டுவிட்டுப் போக, ஆரோக்கியராஜும் சமயம் கிடைக்கும்போதெல்லாம் கிண்டல் செய்வான். அமலாவுக்கு டீ வாசமே பிடிக்காது, அவள் டீ குடிக்கிறவளே இல்லை. கூடவே குடித்தனம் நடத்துகிற புருஷனுக்குக்கூட அது உறைக்கவில்லை பாருங்கள்.

அதற்குப் பிறகு அவள் தன் உடம்பைப் பழக்கிவிட்டாள். மறுநாள் டூட்டி என்றால் முதல்நாள் விளக்கு வைத்ததுமே தண்ணீர் நின்றுவிடும். காலையில் சட்னி கூட இல்லாமல் இரண்டு இட்லி. வாயில் ஒரு கல்கண்டு. அடிவயிறு எரியும், விலா ஓரம் சுருக்கென்று குத்தும். கேட்டால் வெயில் சூடு என்பாள். நாளாக ஆக டூட்டி இல்லாத நாளிலும் தொண்டை திறக்க மறுத்தது. ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்தால் முதலில் அவளுக்குத் தோன்றுவது தாகம் இல்லை, பயம்தான். வீடு நிறைய தண்ணீர் கேன் அடுக்கியிருக்க, வீட்டுக்காரி உதடு வெடித்து நடமாடினாள்.

இந்த நேரத்தில்தான் மாவட்டத்தில் விளையாட்டுக்காரர்களைக் கவனிக்கிற எஸ்.ஐ. வெங்கடாசலம் அவளைக் கூப்பிட்டார். மரக்காணம் பக்கம் கடற்கரையில் ட்ரையத்லான் நடக்கிறது. கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், கரையேறின கையோடு இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கின காலோடு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். மூன்றுக்கும் நடுவில் ஓய்வு கிடையாது.

"போலீஸ் லேடீஸ்ல முதல் மூணு பேருக்குள்ள வந்தா சென்னை டீமுக்கு எடுத்துக்கறாங்க," என்றார். "அப்பறம் பந்தோபஸ்தே கிடையாது. கிரவுண்டு, ஹாஸ்டல், பிராக்டீஸ், அவ்ளோதான். வயசு கணக்குப் பார்த்தா உனக்கு இந்த வருஷத்தோட சரி. உட்டுடாத."

ஹாஸ்டல் என்ற சொல்லில் அமலாவின் மனசு நின்றுவிட்டது. ஹாஸ்டல் என்றால் பாத்ரூம் இருக்கும், கதவு இருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும். மற்றவர்கள் பதக்கத்துக்காக ஓடுவார்கள், இவள் தாழ்ப்பாளுக்காக ஓடத் தயாரானாள். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

ஆரோக்கியராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கேன் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் போனும் கையுமாக, இந்தப் பந்தயத்துக்கு எதைத் தின்ன வேண்டும், எப்போது குடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். கேப்பைக் கூழ் கொடுத்துப் பார்த்தான், ஓடும்போது வயிற்றில் கனத்தது. பூரி கேட்டாள், கண்ணை உருட்டினான். கடைசியில் மூன்று மணி நேரம் முன்னால் சர்க்கரை தொட்டு இட்லி, அப்புறம் ஒரு வாழைப்பழம் என்று முடிவானது.

"இது சின்ன பந்தயம்தான், வழியில திங்கறதுக்கு ஒண்ணும் வேணாம்," என்றான். "ஆனா முன்னாடி நாளே தண்ணி நல்லா குடிச்சிருக்கணும். சைக்கிள்ல ஏறி மூச்சு அடங்கினதும் ஒரு வாய். அப்பறம் கொஞ்ச தூரத்துக்கு ஒரு வாய். மடக்கு மடக்குனு குடிச்சிடாத, ஓடறப்ப வயித்தைப் புரட்டும்."

மறந்துவிடக் கூடாதென்று சைக்கிள் ஹேண்டில்பாரில் வெள்ளை டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் 'குடி' என்று எழுதினான். போலீஸ்காரி சைக்கிளில் குடி என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

பாட்டில் காலியாகவே வந்துகொண்டிருந்தது. ஆனால் வருகிறவள் முகம் சுண்டியிருந்தது, உதடு வெள்ளை பூத்திருந்தது. ஆரோக்கியராஜ் யோசித்தான். இவ்வளவு குடித்தும் இப்படி இருக்கிறாள் என்றால், வியர்வையில் உப்பு ஏகமாகப் போகிறது என்றுதானே அர்த்தம்? உப்பைக் கூட்டினான். அடுத்த வாரம் சர்க்கரையையும் கூட்டினான். காலி பாட்டில்தான் அவனுக்குச் சாட்சி. கொட்டிக்கொண்டே வந்தவளாவது ஒரு நாள் ருசி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பந்தயத்துக்கு முதல்நாள் டூட்டி லீவு. ஆரோக்கியராஜ் அவள் பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுச் சைக்கிளுக்கு எண்ணெய் போடப் போனான். கேன் போடப் போகிறபோது குடி, சாயங்காலம் குடி என்று சொல்லிக்கொண்டே இருந்தான். விளக்கு வைத்ததும் அமலாவின் தொண்டை வழக்கம்போல மூடிக்கொண்டது. நாளைக்கு டூட்டி இல்லை, பந்தயம்தான் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் உடம்பு கேட்கவில்லை. சொம்புத் தண்ணீர் வாசல் செடிக்குப் போனது.

விடிந்தும் விடியாமலும் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவள் முதலில் பார்த்தது கடலை அல்ல. சவுக்குத் தோப்பு ஓரமாக வரிசையாகத் தற்காலிகக் கழிப்பறைகள் நின்றன. பெண்களுக்கென்று தனியாக, தண்ணீர் வசதியோடு, உள்தாழ்ப்பாளோடு. வெளியூர்ப் பெண்கள் பாட்டிலில் குடிப்பதும், சர்வசாதாரணமாக உள்ளே போய் வருவதுமாக இருந்தார்கள். யாரும் யாரையும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அமலாவும் ஒன்றின் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டாள். போவதற்கு உடம்பில் ஒன்றும் இல்லை. அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றாள். அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கடலில் ஒருத்தியைத் தவிர அவளை யாராலும் நெருங்க முடியவில்லை. அலைக்கு மேல் போகாமல் அலைக்கு அடியில் புகுந்து போனாள். போலீஸ் பெண்களில் இரண்டாவதாகக் கரையேறி, வாயெல்லாம் உப்புக் கரிக்க, சைக்கிளை எடுத்தாள். கூட்டத்தில் எங்கிருந்தோ "குடி! குடி!" என்று ஆரோக்கியராஜின் குரல் கேட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாதி தூரம் வரை கால்கள் சொன்னபடி கேட்டன. திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஹேண்டில்பாரில் எழுத்து இரண்டாகத் தெரிந்தது. இதுவரை பழகாத ஒரு தாகம் அவளுக்கு வந்தது, பயத்தையும் தள்ளிக்கொண்டு வருகிற தாகம். அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது. சைக்கிள் இறங்குகிற இடத்தில் அவர் நிற்பார், பாட்டிலைத்தான் முதலில் பார்ப்பார். இங்கே கொட்டுவதற்குக் கொல்லையும் இல்லை, நேரமும் இல்லை.

பாட்டிலை உருவி மடக்கு மடக்கென்று அத்தனையையும் குடித்தாள். குமட்டும்படி உப்பு, திகட்டும்படி இனிப்பு. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஓட ஆரம்பித்தபோது அவள் இன்னமும் இரண்டாவதுதான். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியராஜ் காலி பாட்டிலைப் பார்த்துக் கைதட்டிக் குதித்தான். பாவம், அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. பாதி ஓட்டத்தில் குடித்ததெல்லாம் மேலே ஏறியது. ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்தாள். நிமிர்ந்து மறுபடி ஓடினாள். ஒரு பெண் தாண்டிப் போனாள். கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. பந்தயம் முடிகிற இடத்தில் கட்டியிருந்த பலூன் வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. ஹாஸ்டல் கதவே தெரிகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த இடத்தில் விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், மண்டியிட்டு நகரப் பார்த்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு காலடிகள் போய்க்கொண்டே இருந்தன.

முதலுதவிக் கூடாரத்தில் கண் விழித்தபோது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் அம்மா ஆரோக்கியராஜிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்துலருந்து தண்ணி எவ்ளோ குடிச்சாங்க?"

"நல்லா குடிச்சா மேடம். நேத்து சாயங்காலம் மட்டும் ஒரு சொம்பு. டெய்லி பிராக்டீஸ்ல பாட்டிலு காலியாதான் வரும், நானே பாத்திருக்கேன்."

"அப்ப உடம்பு இவ்ளோ வறண்டு கிடக்காதே?"

"அதான் எனக்கும் புரியல மேடம். நான்தான் உப்பு எதுனா தப்பா போட்டுட்டனோ என்னமோ." அவன் குரல் உடைந்தது. "நான்தான் கெடுத்துட்டேன் போல."

அதைக் கேட்டுக்கொண்டு அவளால் படுத்திருக்க முடியவில்லை.

"நீங்க ஒண்ணும் கெடுக்கல. நான் குடிக்கவே இல்லீங்க."

"எப்ப?"

"எப்பவுமே. தெனமும் கொட்டிட்டேன். நேத்து சொம்புத் தண்ணியும் செடிக்கு ஊத்திட்டேன்."

டாக்டர் அம்மா மெல்ல நகர்ந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆரோக்கியராஜ் அவளையே பார்த்தான்.

"எங்க கொட்டின?"

"வல்லம் ரோட்டுல ஒரு மல்லாட்டைக் கொல்லையில."

"நான் எழுந்து புழிஞ்சு குடுத்ததையா?"

"ஆமா."

"ஏன் அமலா? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். பாலத்தடி, உச்சிவெயில், ரோட்டுக்கு அந்தப்பக்கத்து வீடு, மைக்கில் வந்த சிரிப்பு. "டீ குடிக்கப் போகலீங்க அன்னிக்கி. நான் எப்பங்க டீ குடிச்சிருக்கேன்?"

ஆரோக்கியராஜ், தானும் சேர்ந்து எத்தனை தடவை அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தோம் என்று நினைத்துப் பார்த்திருப்பான். காலி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

சென்னை அணிக்கு வேறு மூன்று பேர் போனார்கள். அமலாவுக்குச் சிறுநீரகத்தில் கல் இருப்பதாக ஸ்கேன் சொன்னது. எஸ்.ஐ. வெங்கடாசலம், "சரி உடு, என்னா பண்றது," என்றதோடு சரி. மெடிக்கல் லீவு முடிந்து அமலா டூட்டிக்குத் திரும்பிய வாரமே ஒரு பெரிய மனிதர் திருச்சிக்குக் காரில் போனார். பாயிண்ட் போட்டார்கள். விழுப்புரம் பைபாஸ். அதே பாலத்தடி.

கிளம்பும்போது ஆரோக்கியராஜ் ஒரு பாட்டிலை நீட்டினான்.

"பச்சைத் தண்ணிதான், ஒண்ணும் கலக்கல," என்றான். "காலியாத்தான் வரணும்னு இல்ல. அப்பிடியே வந்தாலும் சரி. எது நெசமோ அதை மட்டும் சொல்லு, போதும்."

பாலத்தடியில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. அடுத்த பாயிண்ட்டில் வேணி என்கிற பெண் நின்றாள், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். அமலா தன் பாட்டிலைத் திறந்து அவளுக்கு நீட்டினாள்.

"வாணாம் அக்கா. டூட்டி முடியற வரைக்கும் நான் குடிக்க மாட்டேன்," என்றாள் வேணி. "பழகிடுச்சு."

அவள் உதட்டிலும் வெள்ளை பூத்திருந்தது. வாயில் ஒரு பக்கம் கல்கண்டு உப்பியிருந்தது. அமலா பாட்டிலை மூடினாள். தன் பாயிண்ட்டுக்குத் திரும்பி நடந்தாள். நின்று, ஒரு வாய் குடித்தாள். தொண்டை மூடப் பார்த்தது. பொறுத்திருந்து இன்னொரு வாய் குடித்தாள். வெயில் ஏற ஏற, வாய் வாயாக, பாட்டில் முழுவதையும் குடித்து முடித்தாள்.

கார் வரவில்லை. வரவேண்டியது வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அதே வீடு இருந்தது, இப்போது மாடி எடுத்திருந்தார்கள். போய்விட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடலாம். ரவுண்ட்ஸ் வராமலும் போகலாம். வந்து கேட்டால் சொல்வதற்கு டீ இருக்கிறது. ஏற்கெனவே வாங்கிய பெயர்தானே.

அமலா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.  பொத்தானை அழுத்தினாள்.

"பாலத்தடி பாயிண்ட் பேசறேன், ஐயா. பாத்ரூம் போயிட்டு வர்றேன்."

மைக்கில் வெறும் இரைச்சல் மட்டும் ஓடியது. பிறகு கரகரத்தது.

"யாரும்மா அது? பேர் இன்னா?"

"அமலா, ஐயா. டீ அமலா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் ரோட்டைத் தாண்டினாள். வீட்டுக் கதவைத் தட்டக் கையை எடுத்தபோது, இடுப்பில் மைக் மறுபடி இரைந்தது. ஆண் குரல் இல்லை.

"ஐயா, அடுத்த பாயிண்ட் வேணி பேசறேன்," என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது. ஒரு மூச்சு இழுப்பது கேட்டது.

"எனக்கும் போணும், ஐயா. காலையிலருந்து."